கௌஹாத்திக்கு எடுத்துப்போன காம்பஸ்

முதன்முதலாக விமானத்தில் ஏறியபோது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. காது அடைத்தது, அவ்வளவுதான். மடியில் காம்பஸ் பெட்டி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டெம்பரரியாக இருந்தேன். நன்றாக ஓடுவேன் என்பதால் ஓரியன்டீரிங் அணியில் சேர்த்துவிட்டார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டுக்குள் வைத்திருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடி ஓட வேண்டும். எங்கள் கள்ளிக்குப்பத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும். போட்டி கௌஹாத்தியில். ரயிலில் போனால் மூன்று நாள் வீண் என்று ஆபீசர் விமான டிக்கெட் போட்டார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பர்மனென்ட் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓடினேன். காட்டின் மேல் எனக்கென்ன ஆசை?

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். விமானத்தில் பையைத் தூக்கி எறிவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஷூவும் துணியும் போனால் போகட்டும், காம்பஸ் என்ன ஆவது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உள்ளே பஞ்சு வைத்து ஒரு மரப்பெட்டி செய்தார். மூடி திறந்துகொள்ளக் கூடாதென்று பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து, அதன் காந்தத்தை மூடியில் பதித்தார். மூடினால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் திறந்து மூடிக் காட்டினார். எனக்கும் பெருமைதான். இரண்டு பேர் மண்டையிலும் ஒன்றும் உறைக்கவில்லை.

மீனம்பாக்கத்தில் ஆணி வைத்த ஷூவைப் பையோடு போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். சோதனை செய்த போலீஸ்காரர் இது எதற்கு என்றார். திசை பார்க்க என்றேன். பைலட்டிடம் ஒன்று இருக்கிறதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டியன்று வானம் மூடியிருந்தது. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. காட்டில் கண்ணை நம்பாதே, காம்பஸ் முள்ளை நம்பு என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நம்பினேன். முதல் கொடி பாதை ஓரமாகவே இருந்ததால் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு முள் காட்டிய பக்கம் ஓடினேன், ஓடினேன், கடைசியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் நின்றேன். வரைபடத்தில் தேயிலைத் தோட்டமே இல்லை. நான் திரும்பி வந்தபோது எனக்குப் பின்னால் கிளம்பியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடாரத்தில் வேறொரு அணிப் பெண் தன் காம்பஸை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் நேர் எதிராகக் காட்டின. பெட்டி மூடியைத் தொட்டுப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. காந்தத்தோடு கிடந்து முள்ளின் வடக்கு தெற்காகிவிட்டிருந்தது. அதே காந்தத்தால் முள்ளைத் தடவி நேராக்கிக் கொடுத்தாள். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆபீசர் காரணம் எழுதித் தரச் சொன்னார். நியாயமான காரணமாக இருந்தால் இன்னொரு போட்டிக்கு அனுப்புவதாகவும் சொன்னார். காம்பஸ் என்று எழுதினால் எப்படிக் கெட்டது என்று கேட்பார், பெட்டி செய்தவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். 'வழி தவறிவிட்டேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா அடிக்கப் போனேன். வீட்டிலும் வழி தவறிவிட்டேன் என்றே சொல்லியிருந்தேன், அது கேலியாகிவிட்டது. தெருவில் யாராவது வழி கேட்டால், இவளிடம் மட்டும் கேட்க வேண்டாம், காட்டில் திசை தெரியாமல் சுற்றியவள் என்பார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏழெட்டு வருஷம் சிரித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது மகளிடம் அதையே சொன்னார். எனக்கு என்ன ஆனதோ, பொறுக்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீசராண்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா உன்னத்தான திட்டுவாரு."

"திட்டினா திட்டிட்டுப் போறாரு, எனுக்கு இன்னா? உனுக்கு வேல கெட்ச்சிருக்குமே."

அது எனக்கு அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.