சவூதிச் சவுக்காரம்

லீவில் வந்திருக்கிறேன். நான் ராணுவத்தில் லெப்டினன்ட். ஊருக்கோ சவூதியில் கணக்காளர். புலி இயக்கக்காரருக்குப் பயந்து உம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே சவூதியிலிருந்து கொண்டுவந்ததாக அயலவர்களுக்குக் கொடுக்க, கல்முனை பஸாரில் உம்மா சொன்ன கடைக்கு வெளிநாட்டுக் குளியல் சவுக்காரம் வாங்கப் போனேன்.

கடைக்கார நானா நான் கேட்காமலே கட்டிகளில் ஒட்டியிருந்த ரூபாய் விலைத்துண்டுகளை உரித்தார்.

திடுக்கிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கட உம்மாவப் போல ஆமிக்காரப் பிள்ளையள்ர உம்மாமார் இன்னும் ரெண்டு பேர் இஞ்சதான் வாங்குற, தம்பி. ஒராள் நோன்புக்குப் பொறகு வாறல்ல."

"ஏன்?"

"மகன்ட மையத்துப் பெட்டி வந்திச்சி. கொடி போத்தி."

சவுக்காரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சவூதியிலிருந்து யாரையும் கொடி போர்த்தி அனுப்புவதில்லை. என் மையத்தும் அப்படி வந்தால், அன்றைக்கு உம்மா அயலவர்களிடம் என்ன சொல்லிச் சமாளிப்பார்? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.