புகைப்பெட்டிக்கு ஏற்ற கட்டை

என் சம்பந்திக்கு நான் அறுபத்தைந்தாயிரம் கடன்பட்டிருந்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கடன் வாங்கியவன் நிலைமை எப்படி இருக்கும் என்று பெண்ணைப் பெற்ற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எல்லாமே நானாகக் கற்றுக்கொண்டது. பன்னிரண்டு வயதில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் தரையில் சிந்திய ஸ்குரூ பொறுக்கப் போனேன். முப்பது வயதில் அதே தெருவில் எனக்கே எனக்கென்று ஒரு கடை. ஓடாத ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்தால் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் பெரிய ஓட்டல்கள் எட்டு. எட்டின் குளிர் அறையும் என் கைபட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் பெருமையை நான் சொல்லாவிட்டால் வேறு யார் மெனக்கெட்டுச் சொல்லப்போகிறார்கள்?

அறுபத்தொரு வயதில் முழங்கால் மக்கர் பண்ணியது. கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை. கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரமே என் மனைவி, "நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க, நான் நிம்மதியா இருக்கேன்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எட்டு ஓட்டல்களில் ஒன்றை மூடினார்கள். சமையலறைச் சாமான்கள் விலைக்கு வந்தன. மூலையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி நின்றது. கறிக்குப் புகை போடும் எலெக்ட்ரிக் ஸ்மோக்கர். அடியில் சூடேற்றும் கம்பிச்சுருள், அதன்மேல் மரச்சில்லு போட ஒரு சின்னத் தட்டு, அதற்கும் மேலே தண்ணீர்ப் பாத்திரம், பிறகு கறி அடுக்க ஐந்து கம்பித் தட்டு. கதவைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது தலைகீழான ஃப்ரிட்ஜ். அது குளிரை அடைத்து வைக்கும், இது சூட்டையும் புகையையும் அடைத்து வைக்கும். இது தெரிந்துவிட்டால் போதாதா? புகை போட்ட கோழி செய்து விற்பது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

கையில் இருந்ததைப் போட்டும் அறுபத்தைந்தாயிரம் குறைந்தது. பேத்தியின் பிறந்தநாளன்று சம்பந்தி வீட்டில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். சம்பந்தி முப்பத்து நாலு வருஷம் வங்கியில் காசாளராக இருந்தவர். எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். எல்லோரும் பார்க்க, நோட்டுக்கட்டை விரலில் ஒரு விசிறு விசிறினார். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான், எண்ணி முடித்துவிட்டார்.

"திருப்பித் தர்றதுக்கு அவசரமே இல்ல சம்பந்தி. நம்ம வீட்டுப் பணம்தானே."

அந்த "அவசரமே இல்ல" இருக்கிறதே, கழுத்தில் துண்டைப் போட்டு இழுப்பதைவிட மோசம். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா தினமும் சாயங்காலம் என் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "உங்கப்பாவோட பெட்டி எப்படிம்மா இருக்கு?" அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மகள் போனில் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அவளை வளர்த்தவன் நான். எது நிஜச் சிரிப்பு, எது சமாளிப்பு என்று எனக்குத் தெரியாதா? ஒரு வருஷத்துக்குள் முழுப்பணத்தையும் சம்பந்தி கையில் வைப்பேன், என் மகள் அந்தக் கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் சத்தியம் பண்ணினேன்.

பெட்டியைப் பின்கட்டில் கம்பீரமாக நிறுத்தினேன். வயரிங் புதிது, தெர்மோஸ்டாட் புதிது. கட்டையைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சூடு கொடுப்பது கரண்ட். கட்டை வெறும் புகைக்கு. எந்தக் கட்டையாக இருந்தால் என்ன? எலெக்ட்ரிக் கடை வாசலில் சாமான் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகள் சும்மா கிடந்தன. உடைத்து எடுத்துவந்து சில்லாக்கினேன். பெட்டியை ஓட்டிப் பார்த்தால் மேலே ஒரு ஓட்டை வழியாகப் புகை வெளியே போகிறது. ஒழுகுகிற இடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஐம்பது வருஷப் பழக்கம். சூடு தாங்கும் ரப்பரை வெட்டி இறுக்கி அடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு துளிப் புகை வெளியே வரவில்லை. எனக்கு ஏகத் திருப்தி.

முதல் கோழியைச் சம்பந்தி வீட்டுக்கே கொண்டுபோனேன். தேய்த்து மெருகேற்றிய மேசைபோலப் பளபளவென்று இருந்தது.

"நிறம் பிரமாதம்" என்றார் சம்பந்தியம்மா.

"வாயில போட்டுப் பாருங்கம்மா."

மென்றார். இன்னும் மென்றார். "கதவுக்கு வார்னிஷ் அடிச்சா ரெண்டு நாளைக்கு வீட்ல ஒரு வாசம் நிக்குமே…"

"சும்மா இரு, அவ்வளவு மோசமில்ல" என்று சம்பந்தி பரிந்துகொண்டு வந்தார். "எங்க பேங்க்ல புது மேசை வந்து எறங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு."

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. இரண்டு துண்டு சாப்பிட்டார், நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். என் மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி கேட்டாள். "கறி வாங்கப் போனா புரட்டிப் பாக்கறீங்க, அழுத்திப் பாக்கறீங்க, மோந்து பாக்கறீங்க. கட்டையை ஒரு தடவையாவது மோந்து பாத்தீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு சில்லை ஒடித்து முகர்ந்தேன். பெயின்டில் கலக்கும் அசல் டர்பன்டைன் வாசம்.

மறுநாள் மரவாடிக்குப் போனேன். அதன் முதலாளியை ஊரே ரம்பம் என்றுதான் கூப்பிடும். வாயைத் திறந்தால் அறுத்துவிடுவார்.

"என்ன மரம்ணே வேணும், கதவுக்கா, கட்டிலுக்கா?"

"கோழிக்குப்பா."

"கூண்டு செய்யத்தானே? அதுக்குப் பழைய பலகை போதும்ணே."

"கூண்டு இல்லப்பா. கோழிக்கே."

ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தை விளக்கியதும் குஷியாகிவிட்டார். பிசின் ஒழுகும் மரம் ஆகாது, பெயின்ட் பட்டது ஆகாது, பிளைவுட்டில் பசை இருக்கும், அதன் பக்கமே போகக்கூடாது என்று ஒரு மணி நேரம் அறுத்தார். "பழம் குடுக்கற மரமாப் பாருங்கண்ணே. அது எங்கிட்ட இல்ல. இருந்தாலும் வந்ததுக்கு இதைக் கொண்டுபோய்ப் பாருங்க" என்று தேக்கிலும் யூகலிப்டஸிலும் ஒரு பை சில்லு கொடுத்தார்.

பழமரம் எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது சம்பந்தி வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்தது. கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று கொய்யா மரத்தின் கிளைகளை வெட்டிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். நாலைந்து மாதமாகக் காய்ந்து கிடந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சம்பந்தி. அள்ளிப் போடறதுக்குக் குப்பை வண்டிக்காரன் இருநூறு கேக்கறான்" என்றார். ஆட்டோ வைத்து ஏற்றினேன். வழியில் ஜூஸ் கடைக்காரர் தோட்டத்தில் காய்ந்த ஆரஞ்சுக் கிளையும் கொஞ்சம் கிடைத்தது.

பட்டையைச் சீவி, நகக்கண் அளவுக்குச் சில்லாக வெட்டி, தகர டப்பாக்களில் போட்டேன். எனக்கு எழுதுவதைவிட வரைவது சுலபம். கொய்யாவுக்கு இலை, ஆரஞ்சுக்கு வட்டம், தேக்குக்குக் கதவு, யூகலிப்டஸுக்கு மருந்து பாட்டில். ஒரு நாளைக்கு ஒரு கட்டை. அதே அளவு உப்பு, அதே சூடு, அதே ஒரு பிடி சில்லு, ஒரே எடையில் கோழிக்கால். விஞ்ஞானி என்றால் வேறென்ன செய்வான்?

நாலு நாளும் நாலு கட்டையும் கசந்தன. கசப்பு என்றால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. தேக்கு படுமோசம், கொய்யா கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கொய்யாவும் கசந்தது. சில்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். முதலில் வெறும் ஆவி வந்தது, பிறகு அதே கசப்பு.

"பெட்டியை வித்துட்டா என்னங்க?" என்றாள் மனைவி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. விற்றால் நாற்பதாயிரம் வரும். மீதி இருபத்தைந்தாயிரத்துக்கு என் மகள் ஆயுசு முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேத்தியோடு வந்திருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"அப்பா, மேல என்ன ரப்பர்?"

"ஓட்டைம்மா. புகையெல்லாம் வீணாப் போச்சு. நான்தான் அடைச்சேன்."

"பெட்டி செஞ்சவன் தெரியாமயா மேல ஒரு வட்டம் வெட்டி, அதுக்கு மூடியும் வெச்சிருப்பான்?"

"எத்தனை கம்பெனிக்காரன் தப்பை நான் சரி பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்ப்பா. தெருவுக்கே தெரியும். இதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

எடுத்தால் தோற்றதுபோல இருக்கும். எடுக்காமல் நின்றேன். அவளே இடுக்கியால் பிடுங்கினாள். குபுகுபுவென்று வெள்ளைப்புகை கிளம்பி, பேத்தி இருமிக்கொண்டு ஓடினாள். பத்து நிமிஷத்தில் வெள்ளை போய், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற நீலப்புகை நூல்மாதிரி போனது. புகை தீர்ந்துவிட்டதாக்கும் என்று தட்டை இழுத்துப் பார்த்தேன். சில்லு கங்காகக் கனன்றுகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. குளிர் அடைபட்டால் நல்லது, புகை அடைபட்டால் நாறும். உள்ளேயே சுற்றிச் சுற்றி அது கறிமேல் கரியாகப் படிந்திருக்கிறது. கட்டைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், தப்பு என் ரப்பர்மேல் இருந்தது. ஃப்ரிட்ஜ் தெரியாத எவனும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போதுதான் ஒவ்வொரு கட்டையும் அதனதன் குரலில் பேசியது. பைன், ஓட்டை திறந்திருந்தும் வார்னிஷ்தான். தேக்கு, நாக்கில் எண்ணெய் பூசியது. யூகலிப்டஸ் கோழியைச் சாப்பிட்டால் ஜலதோஷம் வேண்டுமானால் போகும். ஆரஞ்சு மென்மையாக இருந்தது. கோழியில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது, ஆனால் மீனுக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி.

கொய்யாக் காலை மனைவியிடம் கொடுத்தேன். கடித்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, இன்னொரு கால் இருக்கா?" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் செய்த எதையும் அவள் இரண்டாவது தடவை கேட்டதில்லை. ஃப்ரிட்ஜைக்கூட.

அலுவலகங்கள் இருக்கும் சாலையில் மூன்று கிளையோடு ஒரு சாண்ட்விச் கடை உண்டு. அதன் முதலாளியம்மாவிடம் ஒரு டப்பா கொண்டுபோனேன். நின்றபடியே ஒரு துண்டை எடுத்தவர் உட்கார்ந்து நாலு துண்டு சாப்பிட்டார்.

"என்ன கட்டை இது?"

"கொய்யா. மணிக்கு ஒரு பிடி, அதுக்கு மேல கிடையாது."

"இன்னும் கொஞ்சம் கறுப்பா வருமா? கறுப்பா இருந்தாத்தான் புகை போட்டதுன்னு ஜனங்க நம்புவாங்க."

"கறுப்பு வேணும்னா பெயின்ட் கடைக்குப் போங்கம்மா. ருசி வேணும்னா எங்கிட்ட வாங்க."

அந்தம்மா சிரித்துவிட்டார். வாரத்துக்குப் பத்துக் கிலோ என்று ஆரம்பித்தது, மூன்றாம் மாதம் இருபத்தைந்து கிலோ ஆனது. கொய்யாத் தோப்புக்காரர் ஒருவரைப் பிடித்து, கிளை கழிக்கும்போதெல்லாம் எனக்கே தரும்படி பேசிவைத்தேன். என் மனைவி உப்புப் போட்டு ஊறவைத்தாள், நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். நான் சொன்ன கெடுவுக்கு ஒரு மாதம் மிச்சம் இருக்கும்போதே தொகை சேர்ந்துவிட்டது.

மூன்று கிலோ கோழியும் பணமுமாக நானும் மனைவியும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த சம்பந்தியம்மா வழக்கம்போல, "வாங்க வாங்க, பெட்டி எப்படி இருக்கு?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து என் மகளின் குரல் வந்தது.

"பெட்டி நல்லா இருக்கு அத்தை. வட்டி வேணுமான்னு கேக்குது."

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். கோழி டப்பாவை என் மனைவி கையிலிருந்து வாங்கியவர், சமையலறைக்குப் போகும் வழியிலேயே மூடியைத் திறந்துவிட்டார்.

"எதுக்கு சம்பந்தி இப்ப, அவசரமே இல்லையே" என்று சம்பந்தி ஆரம்பித்தார். "அதுவுமில்லாம, கொய்யாக்கட்டை எங்க வீட்டுது. அதுக்கு என்ன கணக்கு?"

"குப்பை வண்டிக்காரனுக்கு நீங்க தரவேண்டிய இருநூறை நான்தான் மிச்சப்படுத்தினேன். அதை நீங்க எனக்குத் தரணும்."

"ஏம்மா, கேட்டியா? கடன் தீர்க்க வந்த மனுஷன் நம்மகிட்டயே வசூல் பண்றார்."

"அவர் சொல்றது நியாயம்தான்" என்று சமையலறையிலிருந்து வாய் நிறையக் கோழியோடு பதில் வந்தது.

நோட்டுக்கட்டை வாங்கி எண்ணச் சம்பந்தி கை நீட்டினார். நான் பணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நீங்க எண்ணக்கூடாது. கையை விரிச்சு வெச்சிருங்க, போதும். நான் எண்ணுவேன்."

"நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும் சம்பந்தி."

"சாயட்டும்."

ஐநூறு ரூபாய் நோட்டு நூற்று முப்பது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சத்தமாக, ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஊர்ப் பணத்தையெல்லாம் விசிறிய விரல்கள் சும்மா இருக்க முடியாமல் துடித்தன. நாற்பதில் "கை வலிக்குது" என்றார். எழுபத்திரண்டில் பேத்தி வந்து என் முதுகில் தொங்கினாள், கணக்கு விடவில்லை. நூற்றுக்கு மேல் மகளும் நிலைப்படியில் சாய்ந்து நின்று என்னோடு சேர்ந்து எண்ணினாள். கடைசி நோட்டை நீவி, மடிப்பு எடுத்து, நூற்று முப்பது என்று சொல்லி அவர் கையில் வைத்தேன்.