தோற்ற பட்டாளத்தின் குதிரை

என் சின்ன மாமாவுக்கு அமெரிக்காவைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நீலச் சட்டை போட்ட பட்டாளத்தான் கெட்டவன், சாம்பல் சட்டை போட்டவன் நல்லவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெலுங்குச் சேனலில், அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர் பற்றிய பழைய குதிரைவீரர் படம் ஓடும். எந்த மொழியில் ஓடினாலும் ஓசூர்ப் பக்கம் யாருக்கும் கவலையில்லை. சாம்பல் சட்டைக் கதாநாயகன் போரில் தோற்று, கிழிந்த கோட்டோடு ஊர் திரும்புவான். வீடு எரிந்து கிடக்கும். நிலத்தை வடக்கத்தியான் பிடுங்கியிருப்பான். வாசலில் ஒரு கறுப்பு வேலைக்காரக் கிழவர் மட்டும் "தொரா, வச்சாரா?" என்று, அதாவது துரையே வந்துவிட்டீர்களா என்று, சுத்தமான தெலுங்கில் அழுவார். மாமாவும் கூடவே அழுவார். அந்தச் சண்டை எதற்கு நடந்தது என்று எந்தப் படத்திலும் யாரும் சொன்னதில்லை. மாமாவும் கேட்டதில்லை.

மாமா அழுததிலும் நியாயம் இருந்தது. எங்கள் நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே எழும்பிய கம்பெனியிலேயே அவர் ஷிஃப்ட் வேலை பார்த்தார். யூனிஃபார்ம் சாம்பல் நிறம். இதற்குமேல் என்ன வேண்டும்?

நான் மூன்றாவது படிக்கையில் பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு, மூடியில் மயில் போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஆபீஸ் மேஜையில் அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வகுப்பில் பாதிப் பேர் பாரதமாதா, மீதிப் பேர் கத்தரிக்காய். மாமா தன் பழைய யூனிஃபார்மை வெட்டித் தைத்து, கம்பெனி முத்திரை மேல் பித்தளைப் பொத்தான் வைத்து, என்னைத் தோற்ற பட்டாளத்தான் ஆக்கினார்.

"குதிர இல்லாம என்னா பட்டாளத்தான்?" என்றார் பிறகு.

மிச்ச நிலத்து மாந்தோப்பைப் பார்த்துக்கொண்ட வேலையாள் என் அப்பாவைவிட மூத்தவர். வீட்டில் எல்லோரும் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவோம், மூன்றாவது படிக்கும் நான் உட்பட. அவர் தலையில் கோணிக் காதும், இடுப்பில் சணல் வாலும் ஏறின.

மேடையில் அவர் கைகளையும் முட்டிகளையும் ஊன்றி நடக்க, நான் முதுகில் உட்கார்ந்து, "நாங்கள் தோற்றோம்! ஆனால் தலைகுனியவில்லை!" என்று மரக்கத்தியைத் தூக்கினேன். நல்ல கைதட்டல். நடுவராக வந்த சமூக அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு கேள்வி கேட்பது வழக்கம்.

"எதுக்கும்மா சண்ட போட்டீங்க?"

மாமா எழுதித் தந்த தாளில் இது இல்லை. முன்வரிசையிலிருந்து மாமாவே எழுந்து, "நெலத்தக் காப்பாத்த, டீச்சர்!" என்றார்.

"அந்த நெலத்துல யாரு வேல செஞ்சாங்க?"

"ஆளுங்கதான்."

"என்னா கூலி?"

மாமாவுக்குத் தெரிந்தவரை கூலி கொடுக்கும் காட்சி எந்தப் படத்திலும் வந்ததில்லையே. டிபன் பாக்ஸ் கைநழுவிப் போகிறது என்று எனக்குப் பதறியது. எங்கள் வீட்டில் பார்த்ததை உரக்கச் சொன்னேன்.

"கூலியெல்லாம் இல்ல டீச்சர்! களி போடுவோம். பொங்கலுக்கு ஒரு வேட்டி!"

பந்தலே சிரித்தது. எனக்குக் கீழே குதிரையும் சிரித்தது. அந்தக் குலுங்கலில் நான் மல்லாந்து விழுந்தேன். தொப்பி ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரும்தான்.

"நெஜமாவே அந்தப் பட்டாளம் இதுக்குத்தான் சண்ட போட்டுச்சு. கூலி இல்லாம மனுசங்கள அடிமையா வெச்சுக்க," என்று மைக்கில் சொன்ன டீச்சர், முதல் பரிசு குதிரைக்கு என்று அறிவித்தார். குதிரையாக நின்றவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, கோணிக் காதோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் ஊரைக் கூட்டி அழுதேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா அவரை நிறுத்தினார். "எந்த ஊருல குதிர டிபன் பாக்ஸ்ல திங்குது? பாப்பாகிட்ட குடுறா."

அவர் தோள் துண்டை எடுத்து, மூடி, அடி, ஓரம் என்று தான் தொட்ட இடத்தையெல்லாம் நிதானமாகத் துடைத்தார்.

"எடுத்துக்க பாப்பா," என்று நீட்டினார்.

தூசி பட்டிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.