மாப்பிள்ளையை மேற்கோள் காட்டிய கட்டுரை

சீனியர் வகுப்பில் மிஸ் கொடுத்த ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பு, கோபம். பாடமாக இருந்த நாடகத்தோடு, நாமே தேடிப் பிடித்த இன்னொரு எழுத்தையும் துணைக்கு வைத்து எழுத வேண்டும். மற்றப் பெண்கள் பள்ளி அலமாரியை மொய்த்தார்கள். ஆளுக்கொரு கவிதை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் கடலோ புயலோ கோபித்துக்கொண்டிருந்தது. எனக்கு அலுத்துப் போயிற்று.

என் கோபம் வீட்டில் இருந்தது. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஒரு தரகர் வந்து, கிள்ளானில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முன்பே கல்யாணம் என்றார். மாப்பிள்ளையின் படிப்புக்குச் சாட்சியாக ஒரு பத்திரிகைத் துண்டையும் கொண்டுவந்தார். தெருச் சாக்கடை நாறுகிறது என்று மாப்பிள்ளை ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதி, அச்சில் வந்த கடிதம். அப்பா அதைச் சாமி படத்தின் ஓரத்தில் செருகி வைத்தார்.

நான் அதை உருவிக் கட்டுரைக்குத் துணையாக்கினேன். நாடகத்து ராஜாவுக்கு யார்மேல் கோபம் என்று நமக்குத் தெரிகிறது. இவரோ பத்தி பத்தியாகக் குமுறுகிறார், சாக்கடை எந்தத் தெருவில் என்று மட்டும் சொல்லவில்லை என்று எழுதினேன். குரைக்கிற நாய் கடிக்காது என்பதையும் நாகரிகமான ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்து, வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். பின் பெஞ்சுக்காரி கிள்ளானிலிருந்து வருகிறவள் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் என்பது தெரியாது. மாலை ரயிலில் அவளோடு என் கட்டுரையும் ஊர் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அதற்குள் விஷயம் அம்மா காதுக்கும் வந்துவிட்டது.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியேடி" என்று அடுப்படியில் புலம்பினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சம்பந்தம் முறிந்தால் பரீட்சை எழுதலாம்.

மாப்பிள்ளை கோப்பியைத் தொடவில்லை. "அந்தக் கட்டுரைய நான் பாக்கலாமா?" என்றார்.

எடுத்து வந்து கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்தார். கழுத்தெல்லாம் வியர்த்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. நாய் வரும் இடத்தை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

படித்து முடித்ததும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "கல்யாணத்தப் பரீட்சைக்கு அப்புறம் வச்சுக்கலாம் மாமா. இப்ப வச்சு இவங்க பெயிலாயிட்டா, காரணம் நான்தான்னு இன்னொரு கட்டுரை எழுதிடுவாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பரீட்சை சீக்கிரம் வந்தால் தேவலை என்று முதல் தடவையாகத் தோன்றியது.