நாற்பத்தொன்றாம் வில்லை

எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் பார்க்க மூன்று இடங்கள் உண்டு: கலங்கரை விளக்கம், சிப்பிக் காட்சியகம், எதிரொலிக் குகை. நான்காவதாக என் அத்தையைச் சேர்க்கச் சொன்னார் சுற்றுலா அலுவலர்.

அத்தைக்குப் படகுத் துறையில் வேலை. இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பாள். மாலை ஐந்தரைக்குக் கடைசிப் படகு. கொடுத்த வில்லையெல்லாம் பலகையில் ஆணிக்குத் திரும்பினால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். நாற்பத்தொன்றாம் ஆணி மட்டும் இருபத்துமூன்று வருடமாகக் காலி. அதை வாங்கிப் போனவர் திரும்பவில்லை. குகை வாயிலில் ஒற்றைச் செருப்பு கிடைத்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து படகு கிளம்புமுன் அத்தை குகைப் பக்கம் திரும்பி, "நாப்பத்தொண்ணு!" என்று கூப்பிடுவாள். பயணிகள் கைபேசியில் படம் பிடிப்பார்கள்.

"இதைவிட நல்ல பேய்க்கதை கிடைக்குமாம்மா? கையேட்டுல ஒரு பக்கம் எழுதிடு. நீதானே படிச்ச பொண்ணு," என்றார் அலுவலர்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. முதல் வேலையும் இந்தச் சுற்றுலா அலுவலகத்தில்தான், அதுவும் தற்காலிகம். தலையாட்டிவிட்டு அத்தையிடம் போனேன். அனுமதி கேட்கப் போனேனா, பழியில் அவளுக்கும் பங்கு கொடுக்கப் போனேனா, இன்னும் தெரியவில்லை.

அத்தை வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ. ஃபோட்டோ போடறதா இருந்தா முன்னாடியே சொல்லு, தலை சீவிக்கறேன்."

"அன்னைக்கு எப்படி அத்தை தவறிப்போச்சு? வில்லை பார்க்காம நீ படகை விடமாட்டியே."

துடைத்த வில்லையை ஆணியில் மாட்டினாள்.

"கூடையில போட்டுட்டு ஏறுங்கன்னு சொல்லிட்டேன். தலையை மட்டும் எண்ணினேன். வந்தது அறுபது பேர், படகுல அறுபது தலை. போங்கன்னுட்டேன். அப்புறம் ஆணியில மாட்டும்போதுதான் ஒண்ணு குறையுது. ஓடிப் பார்த்தா குகைக்குள்ள தண்ணி ஏறிடுச்சு."

"அறுபது சரியா இருந்துச்சே?"

"தீவுக்காரி ஒருத்தி ஏறியிருந்தா. இடுப்பு வலி. சீக்கிரம் சீக்கிரம்னு படகே கத்துது. அவளையும் சேர்த்து எண்ணிட்டேன்."

பிரசவத்துக்கு எங்கள் பெண்கள் அக்கரைக்குத்தான் போவார்கள்.

"யாரு அத்தை?"

"உங்கம்மாதான்டி. வேற யாரு?"

மறுநாள் விடியலில் நான் பிறந்தேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதல் நாள் அத்தை ஏன் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் பேயை எழுதவில்லை. எந்தெந்த நேரத்தில் குகைக்குள் தண்ணீர் ஏறும் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலர் அதைப் படித்துவிட்டு, "இதுக்கா பட்டம் வாங்கினே?" என்றார். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை அத்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. பலகையருகே நின்றுகொண்டு, "நீ கூப்பிடு," என்றாள்.

கூப்பிட்டேன். குகை அந்த எண்ணை என் குரலிலேயே திருப்பிச் சொன்னது.

"வந்துட்டேன்!" என்று பின்னால் ஓர் ஆண் குரல்.

சட்டென்று திரும்பிவிட்டேன். படகில் இளைஞர் கூட்டம் சிரித்தது.

அத்தை திரும்பவேயில்லை.

"தினம் எவனாவது சொல்லுவான். நானும் ரொம்ப வருஷம் திரும்பிப் பார்த்தேன்," என்றாள். "கயித்தை அவிழு."