சகாயராணி மாஸ்க் இல்லாமல் நிற்கவில்லை

சகாயராணியைக் கொன்றது நம் ஊர். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கொலை முடிந்தது. தொடங்கி நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது.

பழனியில் இப்போது நான் வேலை பார்க்கும் லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தபோது காதர் பாய் போன் செய்தார். கொடைக்கானலில் சந்தை வாசலுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர். போனில் அரை நிமிடத்துக்கு மேல் பேசாத மனிதர். "ஏலே, ராணி போயிட்டா. வெரசா மேல ஏறி வா" என்றார். ஆனால் அன்று போனை வைக்கவில்லை. பிறகு, "அந்தக் கடுதாசி இன்னும் அங்கதான் கெடக்கு" என்றார்.

அவர் சொன்னது, சகாயராணி அக்கா வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் கோப்பில் இருக்கும் கடிதத்தை. கொரோனாக் காலத்தில் அவர் மாஸ்க் இல்லாமல் பணியில் நின்றார் என்று அது சொல்கிறது. அது பொய். அதை நீக்கச் சொல்வதைத் தவிர, இந்த நான்கு வருடத்தில் அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாயுடுபுரத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி, பதினாலு வருடம் குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்தவர். வண்டி உங்கள் வாசலுக்கு வரும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களே, அந்த வண்டி. கைக்குட்டை இல்லாதவர்கள் சேலைத் தலைப்பாலும் துண்டாலும் பொத்துவார்கள். மூக்கைப் பொத்துவதில் இந்த ஊருக்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். உயிர் போகிற நோய் வந்து, மூக்கை மூடுங்கள் என்று அரசாங்கமே உத்தரவு போட்டபோது, அதே ஊர் மூச்சு முட்டுகிறது என்று சொன்னது.

அப்போது நான் வேலை பார்த்த ஓட்டலை மூடிவிட்டார்கள். அதே ஒப்பந்த நிறுவனத்தில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். சந்தை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. என்னோடு நிறுத்தப்பட்டவர் அக்கா. ஆளுக்கு ஒரு விசில், ஒரு பச்சைச் சட்டை, ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். ஒன்றுதான். ராத்திரி துவைத்து அடுப்பு மேட்டில் காயப்போட்டு மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டும். அதை மாட்டியபடி அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. "குப்பைக் கெடங்குல நிக்கையில இதைத்தான் தம்பி கேட்டேன். பழகிப்போயிரும்னு சொன்னாங்க. இப்ப ஊருக்கே நோவுன்னதும் தாராங்க."

அந்த வாசலில் நாங்கள் பார்த்த ஊர் இது. மாஸ்க்கைப் பையில் வைத்திருந்து எங்களைக் கண்டதும் எடுத்து மாட்டுகிறவர்கள். வீட்டுக்கு ஒரே மாஸ்க் வைத்துக்கொண்டு, அப்பா காய் வாங்கி வெளியே வந்ததும் அதைக் கழற்றி மகனிடம் கொடுத்து உள்ளே அனுப்புகிறவர்கள். நம் குளிருக்கு எந்தக் கிருமியும் மலையேறி வராது என்று எங்களுக்கு விஞ்ஞானம் சொன்ன ஆசிரியர் ஒருவர். சுத்தமான காற்றுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், அதையும் மூடச் சொல்கிறீர்களே என்று கேட்ட சுற்றுலாக்காரர்கள். அக்கா அவர்களிடம், "காத்து சுத்தந்தாங்க. நீங்க விடுறதத்தான் மூடச் சொல்றோம்" என்பார். மாஸ்க்கை மோவாயில் தொங்கவிட்டு வருகிறவர்களிடம், "தாடைக்குச் சளி பிடிக்காதுங்க" என்பார். பாதிப்பேர் சிரித்துவிட்டு மேலே இழுத்துக்கொள்வார்கள். யாரிடம் பேசினாலும் அந்த 'ங்க' இருக்கும். நான் மாஸ்க்குக்குள் விசிலைச் செருகி ஊதுவேன், கத்துவேன். அக்காவின் வரிசைதான் ஒழுங்காக நகர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகவுஞ்சியிலிருந்து ஒரு பெண் தலையில் பீன்ஸ் மூட்டையோடு வந்தார். கழுத்தையும் மூக்கையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிய கம்பளி மப்ளர். கண் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அவரை வாசலிலேயே நிறுத்தினார். மப்ளர் மாஸ்க் ஆகாது, திரும்பிப் போ என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கார், கண்ணாடி இறங்கி, ஐந்து பேரும் வெறும் முகத்தோடு உள்ளே போனது. அதற்கு மேற்பார்வையாளர் சல்யூட் வைத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"மூக்கும் வாயும் மூடியிருக்கா இல்லையான்னு பாருங்க சார். துணிக்கு என்ன சாதி?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளருக்கு முகம் சிவந்தது. கடைசியில், சரி, மூடியிருந்தால் போதும், இனி எந்தத் துணியானாலும் விடு என்று சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொன்னதுதான். அன்றிலிருந்து மப்ளரும் துண்டும் சேலைத் தலைப்பும் எங்கள் வாசலில் செல்லுபடியாயின. அந்தச் சொல்லை நம்பியதுதான் நாங்கள் செய்த தப்பு.

இரண்டாவது அலை ஏறத் தொடங்கிய பங்குனி மாதம். சந்தை நெரிசல். ஊரில் பெரிய லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பத்து ஆள் ஒருவர், தன்னிடம் தங்கியிருந்த நாலைந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். மாஸ்க் மோவாயில் இருந்தது. அக்கா வழக்கம்போல, "தாடைக்குச் சளி பிடிக்காதுங்க" என்றார். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"யாருடி நீ? மூஞ்சியக் காட்டு, பாப்போம்" என்று சொல்லி, அக்காவின் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஒரு பக்கக் கயிறு அறுந்து மாஸ்க் அவர் கையோடு வந்தது. "குப்பை அள்ளுறவ. இவ எனக்குப் பாடம் எடுக்கிறா." முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று இதைச் சொன்னார். மாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

சந்தை வாசலில் அப்போது நாற்பது பேராவது நின்றிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் பாக்கெட்டைத் தடவிப் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். சிலர் பீன்ஸ் விலையைக் கேட்கத் திரும்பிக்கொண்டார்கள். நான் விசிலை வாயில் வைத்திருந்தேன். ஊதவில்லை.

மாஸ்க் சேற்றில் கிடந்தது. மாற்று மாஸ்க் இல்லை. பணி முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அக்கா பச்சைச் சட்டைக்குள்ளிருந்து சேலைத் தலைப்பை உருவி, மூக்கோடு சேர்த்துப் பின்னால் இறுக்கி முடிந்துகொண்டார். "வரிசையைப் பாரு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பணியில் இருக்கிறோம் என்பதற்கு ஆதாரமாகத் தினமும் மதியம் ஒரு படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். அன்றும் எடுத்தோம். அக்காவின் படத்தை எடுத்தது நான்தான். துணி எதுவானால் என்ன, மூடியிருந்தால் போதும் என்று சொல்லப்பட்டிருந்ததே. என் மாஸ்க்கை ஒரு நிமிடம் கழற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்துக் கேட்டேன். ஒருத்தர் மூச்சை ஒருத்தர் மாற்றிக்கொள்வதைத்தானே காலையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அக்கா மறுத்துவிட்டார். சேலைத் தலைப்போடு நிமிர்ந்து நின்றார். எடுத்தேன், அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'பணி நேரத்தில் முகக்கவசம் அணியாமல் நின்றது கண்டறியப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். கண்டறிந்தார்களாம். நாங்களே எடுத்து, நாங்களே அனுப்பிய படம்தான் ஆதாரம்; சேலைத் தலைப்பு மாஸ்க் ஆகாதாம். லாட்ஜ்காரர் யாருக்குப் போன் செய்தார், யார் யாரிடம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நீ தற்காலிக ஆள், ஞாபகம் இருக்கட்டும் என்றார். ஞாபகம் இருந்தது. எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்தேன். இதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜனில் வைத்தார்கள். யார் மூச்சிலிருந்து அந்த நோய் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பிழைத்து வந்தார். நுரையீரல் பிழைக்கவில்லை. நாயுடுபுரத்து ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. நிறுவனம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. நோய் வந்தது அவருடைய கவனக்குறைவால் என்றார்கள், அந்தக் கடிதத்தைக் காட்டினார்கள். முன்களப் பணியாளர் என்று ஊர் கை தட்டிய கூட்டத்தில் அவர் பெயர் சேரவில்லை.

காதர் பாய்தான் தன் கடையில் மலைப்பூண்டு தரம் பிரிக்க உட்காரவைத்தார். பூண்டுத் தோல் பறந்து இருமல் வந்துவிடும் என்பதால் அங்கேயும் அக்கா மாஸ்க் போட்டிருப்பார். ஊரில் வேறு யாரும் போடாத காலம் வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "இன்னுமா கொரோனா போகல ஒனக்கு" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாய்க்குக் கோபம் வரும். அக்கா, "எனக்குள்ள ரூம் எடுத்துத் தங்கிருச்சுங்க, காலி பண்ண மாட்டேங்குது" என்பார்.

பழைய ஓட்டல் திறந்து எனக்கு வேலை திரும்பக் கிடைத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நடந்ததை ஒரு தாளில் எழுதி, பார்த்தவர்கள் கையெழுத்திட இடம் விட்டு, அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லாட்ஜ்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலை திரும்பக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார்.

"நான் மாஸ்க் போடாம நின்னேன்னு எழுதி வச்சிருக்காங்க தம்பி. அதை மட்டும் எடுக்கச் சொல்லு. ஊருக்கெல்லாம் போடுங்கன்னு சொல்லிக்கிட்டு நான் போடாம நிப்பனா?"

அந்தத் தாளோடு நான் ஏறாத படி இல்லை. தம்பி, அது முடிஞ்ச கதை என்றார் ஒருவர். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றார் இன்னொருவர். அவர் போனில் அந்த வீடியோ இருப்பதை அவரே எனக்கு முன்பு காட்டியிருக்கிறார். அந்த லாட்ஜுக்குத்தான் நாங்கள் காய் போடுகிறோம், வயிற்றில் அடிக்காதே என்று ஒரு வியாபாரி சொன்னார். பாய் மட்டும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் கல்லாவுல உக்காந்து பாத்தவன்லே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. நிறுவனத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் அவரை வேலைக்கு வைத்திருப்பவர், ஒருவர் உடன் வேலை பார்த்தவர், வெளியாள் சாட்சி வேண்டும் என்றார்கள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "நாள் பூரா மூக்கைக் கட்டிக்கிட்டே நின்னா நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? அந்த மாஸ்க்குதான் அவளைக் கொன்னுச்சு." கையில் மண் இருந்தது. அதைக் குழியில்தான் போட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கோவில் நிறைந்திருந்தது. அக்காவைப் பற்றிப் புகழ்ந்து பேச எனக்கு வரவில்லை. அன்றைக்குச் சந்தை வாசலில் நின்று பார்த்தவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள் என்றேன். ஏழெட்டு முகங்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒருவர் செருப்பைக் காலால் தேடினார். பாய் ஒருவர்தான் எழுந்தார். கடைசி வரிசையில், தொப்பியோடு.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே, யாராக இருந்தாலும், 'ங்க' போட்டுச் சொல்கிற பழக்கம். தாமதமாகத்தான் வந்தது. கோபம் அவர் கொடுத்ததில்லை, அது என் சொந்தச் சரக்கு.

அவர் செத்துவிட்டார், இனி அந்தக் கடிதம் இருந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். பொய் என்று தெரிந்த ஒரு வரியை ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே விட்டுவிட்டு எப்படித் தூங்குகிறீர்கள் என்று நான் கேட்கிறேன். தாள் பாய் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும். லாட்ஜ்காரரின் பெயர் அதில் இல்லை, பயப்படாதீர்கள். 'சகாயராணி மூக்கையும் வாயையும் மூடியே நின்றார், நான் பார்த்தேன்' என்று மட்டும்தான் இருக்கிறது. நாற்பது பேர் பார்த்தீர்கள். ஒருவர் வாருங்கள். வந்து கையெழுத்துப் போடுங்கள்.