அம்மாவின் விமானப் பயம்

என் அம்மாவுக்கு விமானம் என்றால் பயம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கனடாவில் இருக்கும் என் அண்ணனும் சொல்வார். அது பச்சைப் பொய். கொழுந்து பறித்த காலத்தில் அம்மா அட்டைக்குப் பயந்ததில்லை, தோட்டத்துத் துரைக்குப் பயந்ததில்லை. குளவிக்கு மட்டும் பயப்படுவார், அது நியாயமான பயம். விமானத்தில் அவர் ஏறியதே கிடையாது. ஏறாமல் போனதற்குக் காரணம் நான்.

நான் கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியின் விற்பனைப் பகுதியில் இருக்கிறேன். கண்காட்சி, வாங்குபவர் சந்திப்பு என்று துபாய்க்கும் ஜெர்மனிக்கும் அனுப்புவார்கள். டிக்கெட் கம்பனிக் காசு. பறந்த தூரத்துக்கு விமானக் கம்பனி தரும் பொயிண்ட்ஸ் மட்டும் என் பெயரில் ஏறும். போதுமான அளவு சேர்ந்தால் காசு கொடுக்காமல் சீட் எடுக்கலாம். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல நான் போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "பேசாம அந்தப் போனையே கட்டியிருக்கலாம் நீங்க" என்பாள் மனைவி. ஒபிசில் யாராவது பொயிண்ட்ஸைப் பற்றிக் கேட்டால் போதும், பிரசங்கம் தொடங்கிவிடுவேன். அவசரப்பட்டு எடுக்காதீங்க, கிட்டத்து ஊருக்குப் போய் வீணாக்காதீங்க, நல்ல சீட் வரும்வரை பொறுங்க. பெரிய நிபுணன் நான்!

எங்கள் கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட கோப்பைகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்தவை. நல்ல நாளைக்கு என்று எடுத்து வைத்தது, இன்றுவரை ஒருவர் வாயும் பட்டதில்லை. அதே கோப்பை மாதிரிதான் என் பொயிண்ட்ஸும் இருந்தது.

அண்ணன் அகதியாகப் போனவர். அவருடைய அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. முடியும்வரை இந்தப் பக்கம் வர முடியாது. அங்கேயே கல்யாணம் கட்டி, ஒரு பையனும் இருக்கிறான். அம்மா பேரனைப் பார்ப்பது போனில்தான். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனைத் திருப்பித் தரும்போது அவர் ஒன்றையே சொல்வார்: "பாத்தது போதும்டா. கையால தொடணும்."

அந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. அம்மாவுக்கும் எங்களுக்கும் விசா கிடைத்தது. ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் அம்மா, நான், மனைவி, மகள் நால்வருக்கும் பொயிண்ட்ஸில் சாதாரண சீட் எடுத்தேன். அம்மா கண்டி டவுனில் நடைபாதைக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, எங்கள் வீடு இருக்கும் அம்பிட்டிய வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோட்டத்துக்குப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் ஆட்களிடம் அது சின்ன விஷயமில்லை. லயத்து வரிசையில் வீடு வீடாக ஏறி, ஒரு வாய் பால் போடாத பிளேன்டி குடித்து, திருநீறு பூசிக்கொண்டு, வெற்றிலையில் மடித்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, போய்ட்டு வர்றேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். தள்ளாத ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டு வந்ததாக அம்மா சந்தோஷப்பட்டார்.

புத்தி கெட்டுப் போனது அதற்குப் பிறகுதான். பயணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டிசம்பர் விடுமுறை விமானம் ஒன்றின் முன்பக்கத்தில், அந்தப் படுத்துக்கொண்டு போகும் சீட் ஒன்று காலியாக இருப்பதைப் போனில் கண்டேன். அதை அம்மாவுக்கும் சாதாரண சீட்டை எங்கள் மூவருக்கும் எடுக்க என்னிடம் இருந்த மொத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் பொயிண்ட்ஸ் வேண்டும். இலையுதிர்காலத்தில் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தின் பொயிண்ட்ஸ் வந்து சேர்ந்தால் கணக்குச் சரி. அம்மாவின் காலுக்கு வசதியாக இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். பச்சையாகச் சொல்லப்போனால் எனக்கு வேண்டியது ஒரு போட்டோ. கம்பனிக்காகப் பறக்கும்போதெல்லாம் அந்த முன்பக்கத்தைத் தாண்டித்தான் என் பின்வரிசைக்குப் போவேன். அங்கே கால் நீட்டிக் கிடப்பவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போவேன். கொழுந்துக் கூடை சுமந்த என் அம்மா அங்கே படுத்திருக்கும் படத்தைப் போட்டு, கீழே என்ன எழுதுவது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ஒபிசில் ஒருவரிடம் சொல்லியும் விட்டேன். த்தூ! இதை எழுதும்போதே கூசுகிறது.

"மொதல்ல அத்தைய கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. "படுத்துகிட்டுப் போனா என்னா, ஒக்காந்துகிட்டுப் போனா என்னா? பயணம் வேற சொல்லிட்டாங்க."

"ஒனக்கு என்னா தெரியும் பொயிண்ட்ஸ பத்தி?" என்று கத்தினேன்.

அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்கு ஒக்கார எடம் கெடச்சா போதும்டா. புசல்லாவ பஸ்ல கம்பியப் புடிச்சிகிட்டே வந்தவ நானு."

"நீங்க சும்மா இருங்கம்மா. டிசம்பர்ல ராணி மாதிரி போவீங்க."

நான் போனை எடுத்து நால்வரின் டிக்கெட்டையும் இரத்துச் செய்தேன். பொயிண்ட்ஸ் எல்லாம் திரும்பி வந்து பழையபடி கண்ணுக்கு நிறைவாக நின்றது. அன்று எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது.

செப்டம்பரில் தோட்டத்தில் ஒரு கல்யாணம். அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். பந்தலில் நுழைந்ததுமே, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"என்னாக்கா, கனடா அவ்வளவு கிட்டவா? அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்க!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கோப்பையும் கையுமாகப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க போறது! அதுல ஏறணும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது. மகன் டிக்கெட்டெல்லாம் எடுத்துட்டான் பாவம். நாந்தான் மாட்டவே மாட்டேன்னுட்டேன்."

"அடி ஆத்தே! குடுத்து வைக்காத ஆளு நீங்க. இப்புடி ஒரு மகன் யாருக்குக் கெடைப்பான்?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் பல்லைக் காட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஏம்மா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "பயணம் சொல்லிட்டுப் போகலன்னா ஏதாச்சும் காரணம் சொல்லணும்ல? ஒன்னையப் போயி சொல்ல முடியுமா?" என்றுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனிடமும் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

ஜெர்மனிப் பயணத்துக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். அந்த முன் சீட்டை யாரோ எடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் போனைத் திறந்தால், ஒவ்வொரு சீட்டுக்கும் வேண்டிய பொயிண்ட்ஸையே ஏற்றி வைத்திருந்தார்கள். இப்போது என்னிடம் இருப்பது சாதாரண சீட்டில்கூட நால்வருக்குக் காணாது. அப்போதாவது அம்மாவையும் என்னையும் மட்டும் பார்த்து இரண்டு சீட் எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. விலை இறங்கும், பொறுப்போம் என்றேன். பொறுத்துப் பொறுத்து மழைக்காலமும் வந்தது. அம்மாவின் இடது கால் வீங்கியது.

கண்டியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலில் இரத்தம் கட்டியிருக்கிறது, மருந்து தொடர்ந்து எடுக்க வேண்டும், நெடுந்தூர விமானப் பயணத்தை மறந்துவிடுங்கள் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்து போயிற்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இப்போது அந்தப் பொயிண்ட்ஸ் காலாவதியாகப் போகிறது என்று விமானக் கம்பனி தகவல் அனுப்பியிருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கு மட்டும் சரியாக வரும். "வீணாக்காம போயிட்டு வாங்கடா. நீயாவது அவனத் தொட்டுப் பாத்துட்டு வா" என்றார் அம்மா. அந்த ஸ்வெட்டரையும் எடுத்துக் கொடுத்தார், மனைவிக்கு ஆகுமாம்.

போன ஞாயிறு அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகனைக் கூப்பிட்டுக் காட்டினார், எங்களுக்கு ஒதுக்கப்போகும் அறையைக் காட்டினார். திடீரென்று அவருடைய முகம் மாறிப்போனது.

"அம்மா, நீங்க அப்பவே வந்திருக்கலாம்லமா. தம்பி டிக்கெட் எடுத்துக் குடுத்தும் பயந்துகிட்டு இருந்துட்டீங்களே. இப்ப பாருங்க." அவர் குரல் உடைந்தது. "எனக்காக அந்தப் பயத்தக் கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா?"

"என்னா செய்றது சாமி" என்றார் அம்மா. "எனக்கு அவ்வளவுதான் தைரியம்."

போனைப் பிடித்திருந்தது நான்தான். அண்ணனுடைய கண் என் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இனி வராது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேண்ணே. கேக்கவே மாட்டேன்னுட்டாங்க."

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பேசி முடிந்ததும் அம்மா தன் காலை மெதுவாகத் தூக்கி முன்னால் இருந்த கதிரையில் வைத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டார். "அவனுக்கு ஒண்ணும் சந்தேகம் வந்திருக்காதுல்ல?"

"வராதும்மா" என்றேன்.